லாரி லைன் கேள்வி பதில்: வண்டி ஓடினா கூலி, நின்னா?

போன இதழ்ல லாரி லைன் பத்தி என்ன சந்தேகம்னாலும் எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். டிரைவருங்க, அவங்க வீட்டுக்காரம்மாங்க, லைனுக்கு வரலாமான்னு யோசிக்கற பசங்கன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. நான் வடக்க லைன்ல ரொம்ப வருஷம் ஓட்டிட்டு இப்ப நாமக்கல்ல ஒத்த வண்டி வச்சிருக்கறவன், அதனால டிரைவர் பக்கமும் தெரியும், ஓனர் பக்கமும் தெரியும். தெரிஞ்சத மனசு விட்டு சொல்றேன்.

அண்ணா, எனக்கு 22 வயசு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கேன். சின்ன வயசுல இருந்தே லாரின்னா உயிரு. ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு லைனுக்கு போலாம்னு இருக்கேன், அப்பா "எவன்டா பொண்ணு குடுப்பான்"னு சத்தம் போடறாரு. நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்க.
- வாசகர், ராசிபுரம்

தம்பி, அப்பா சொல்றது பொய்யில்ல. நாமக்கல்ல பாடி கட்டற பட்டறையும் கேஸ் டேங்கரும், சங்ககிரில லாரி, திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டின்னு இந்த சுத்துவட்டாரமே சக்கரத்துலதான் வளர்ந்துச்சு, ஆனா அதே ஊர்ல டிரைவருக்கு பொண்ணு குடுக்க யோசிக்கறாங்கன்னா அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். வேலைக்கு பஞ்சமே கிடையாது. ஆள் கிடைக்காம வண்டிய ஷெட்ல நிறுத்தி வச்சிருக்கற ஓனருங்கள எனக்கே தெரியும். தண்ணி போடாம, டீசல்ல கை வைக்காம, கணக்க நேரா குடுக்கற டிரைவர்னு ஒரு பேர் வாங்கிட்டீங்கன்னா உங்கள தேடி வருவாங்க. அப்புறம் தலைக்கு மேல ஒருத்தன் நின்னு வேலை வாங்க மாட்டான், அந்த கேபினுக்குள்ள நீங்கதான் எல்லாம். ஊர் பாக்கறது இருக்கு பாருங்க, அத காசு குடுத்து வாங்க முடியாது. கன்னியாகுமரில இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் போற 44ஆம் நம்பர் நேஷனல் ஹைவே உங்க நாமக்கல் சேலம் வழியாத்தான் போகுது, அந்த ஒரே ரோட்ட புடிச்சு மேல போனீங்கன்னா நாக்பூர் தாண்டி சிவ்னி போற வழியில பெஞ்ச் காடு வரும், புலி மானெல்லாம் கீழ போறதுக்குன்னு ரோட்டையே தூக்கி கட்டியிருக்காங்க. அதுல விடியக்காலம் போறப்ப இருக்கற சந்தோஷத்த இப்ப நெனச்சாலும் மனசு நெறையுது. தெலுங்கு, இந்தி, மராத்தி மூணையும் நான் பள்ளிக்கூடத்துல படிக்கல, தாபாலயும் பஞ்சர் கடையிலயும்தான் படிச்சேன்.

இப்ப கெட்டது. எல்லாரும் ரோடு, கண்ணு முழிக்கறது, ஆக்சிடென்ட் இதத்தான் சொல்லுவாங்க. அதுவும் உண்மைதான், ஆனா ஒரு டிரைவர உள்ளுக்குள்ள அரிச்சு தின்றது காத்துக் கிடக்கறதுதான். நாமக்கல்ல இருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர், ஒழுங்கா தூங்கி எந்திரிச்சு ஓட்டினா கூட ஆறு நாள்ல போய் நின்னுடலாம். ஆனா லோடு ஏத்தறதுக்கு ஒரு நாள் போகும், அங்க போனா குடோன்ல இடமில்ல நாளைக்கு வாங்கம்பான், நாளைக்கு போனா இன்னிக்கு லீவும்பான், எறக்கி முடிச்சுட்டு சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர்ல ரிட்டன் லோடுக்கு புரோக்கர் ஆபீஸ் வாசல்ல நாலு நாளோ அஞ்சு நாளோ ஒக்காந்திருக்கணும். சம்பளம் வாடகையில பர்சன்டேஜா இருந்தாலும் சரி, ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு இருந்தாலும் சரி, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு இருந்தாலும் சரி, சக்கரம் சுத்தினாத்தான் காசு. நிக்கற நாளுக்கு படி மட்டும் குடுக்கற ஓனர் உண்டு, அதுவும் குடுக்காத ஓனரும் உண்டு. நீங்க நிக்கற நாள்ல சாப்பிடாம இருக்க முடியுமா, வீட்ல அடுப்பு எரியாம இருக்குமா?

அதனால வண்டி புதுசா, எந்த கம்பெனி வண்டின்னு பாக்காதீங்க, ஓனர பாருங்க. அவருகிட்ட ஓட்டற டிரைவர் நாலு பேர்கிட்ட "நின்ன நாளுக்கு என்னங்ணா குடுக்கறாங்க, கணக்கு எப்ப முடிப்பாங்க"ன்னு கேளுங்க. அதுக்கு வர்ற பதில்லயே ஓனர் எப்பேர்ப்பட்டவருன்னு தெரிஞ்சுடும்.

லைசென்ஸ்க்கு 20 வயசு ஆகியிருக்கணும், லைட் வண்டி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும், ரெண்டும் உங்களுக்கு ஆகியிருந்தா பிரச்சனையில்ல. முன்னாடியெல்லாம் கிளீனரா ஏறி, ரெண்டு மூணு வருஷம் கூடவே இருந்து, தார்ப்பாய் கட்டி, டயர் கழட்டி மாட்டி, பின்னாடிதான் ஸ்டியரிங்க தொட விடுவாங்க. இப்ப கிளீனரே இல்லாம போச்சு, கட்டுப்படியாகலன்னு ஓனருங்க ஒத்த டிரைவர போட்டு அனுப்பறாங்க, அதோட தொழில் கத்துக்கற வழியும் அடைஞ்சு போச்சு. நீங்க லைசென்ஸ் கைக்கு வந்ததும் தனியா ஏறாதீங்க. நல்ல சீனியர் கூட ரெண்டாவது டிரைவரா ஒரு ஆறு மாசம் போங்க, சம்பளம் கம்மின்னாலும் பரவால்ல. மழையில, பனியில, மலை ஏத்த எறக்க ரோட்டுல அவரு என்ன பண்றாருன்னு பக்கத்துல ஒக்காந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

அண்ணா, எங்க வீட்டுக்காரர் லைனுக்கு போனா ஒரு மாசம், சில சமயம் ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் வர்றாரு. போன் பண்ணினா ஸ்விட்ச் ஆப், இல்லன்னா எரிஞ்சு விழறாரு. ரெண்டு வயசு குழந்தை அவர பாத்தா அழுவுது. வந்தாலும் ரெண்டு நாள் தூங்கிட்டு கிளம்பிடறாரு. நான் என்னங்ணா பண்றது?
- வாசகி, எடப்பாடி

அம்மணி, உங்க கடிதத்த படிச்சதும் எங்க வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்து படிக்க சொன்னேன், அவ கண்ணு கலங்கிட்டா.

அவரு எரிஞ்சு விழறதுக்கு நீங்க காரணம் இல்லைங்கறத முதல்ல மனசுல வைங்க. நீங்க போன் பண்ற நேரம் எதுன்னு பாருங்க. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்குத்தான் வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு கூப்பிடுவீங்க, அது அவரு ஊர் தாண்டறதுக்கு நெரிசல்ல மாட்டியிருக்கற நேரமா இருக்கும், இல்லன்னா லாரிய ஊருக்குள்ள விடாத நோ என்ட்ரில நின்னுட்டு டைம் எப்ப ஆகும்னு வாட்ச பாத்துட்டு ஒக்காந்திருக்கற நேரமா இருக்கும். ஓட்டறப்ப போன் எடுக்காதது நல்லது, அத தப்பா எடுத்துக்காதீங்க. காலைல குளிச்சு சாப்பிட்டு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நேரம், மத்தியானம் வண்டி நிறுத்தற நேரம் ஒன்னு, இப்படி ரெண்டு நேரத்த அவரையே சொல்ல சொல்லுங்க, அந்த நேரம் அவரு கூப்பிடட்டும். குழந்தைய வீடியோல காட்டுங்க, தினமும் முகம் பாத்தா வர்றப்ப அழுகாது.

வந்ததும் ரெண்டு நாள் தூங்கறாருன்னா அது உங்க மேல அக்கறை இல்லாம இல்லம்மா. ஒத்த டிரைவரா போயிட்டு வர்ற உடம்பு அப்படித்தான் கேக்கும். முதல் நாள் அப்படியே விட்டுடுங்க, கணக்கு வழக்கு, கடன், மாமியார் பிரச்சனை எதையும் அன்னிக்கு எடுக்காதீங்க. ஆனா ரெண்டாவது நாள் அவரு குழந்தையோடயும் உங்களோடயும் இருந்தே ஆகணும், இத அவருக்கும் சேத்துத்தான் எழுதறேன், படிச்சு காட்டுங்க. ஓனர் போன் பண்ணி "லோடு ரெடி, கிளம்பு"ன்னா "நாளன்னிக்குத்தான் வருவேன்"னு சொல்ற தைரியம் டிரைவருக்கு வேணும், இன்னிக்கு இருக்கற ஆள் பஞ்சத்துல அதுக்காக எந்த ஓனரும் வேலைய விட்டு தூக்க மாட்டாரு.

இன்னொன்னு. அவரு சம்பளம் மொத்தமும் படியோட சேந்து கையில வந்து கையிலயே போகாம, சம்பளத்த உங்க அக்கவுண்ட்டுக்கு போட சொல்லி ஓனர்கிட்ட பேச சொல்லுங்க, படி மட்டும் அவரு கையில இருக்கட்டும். வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சாலே பாதி சண்டை இருக்காது. குழந்தை பள்ளிக்கூடம் போற வயசு வர்றதுக்குள்ள அவரு சேலம், பெங்களூர், சென்னைன்னு கிட்ட ஓடற லோக்கல் லைனுக்கு மாற முடியுமான்னும் ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்க. வருமானம் குறையும், ஆனா வாரத்துல ரெண்டு ராத்திரி வீட்ல இருப்பாரு.

நான் லாசல்கான்ல இருந்து மதுரைக்கு வெங்காயம் ஓட்டறேன். "அழுகற சரக்கு, மார்க்கெட் டைமுக்கு வந்தே ஆகணும்"னு சரக்குக்கார பார்ட்டி நிமிசத்துக்கு ஒரு போன். ரெண்டு ராத்திரி தொடர்ந்து முழிக்கறேன். தூக்கம் வந்தா பாக்கு போடறேன், மூஞ்சில தண்ணி அடிக்கறேன், பாட்டு வைக்கறேன். வேற வழி இருக்கா?
- ஓட்டுநர், திண்டுக்கல் பக்கம்

தூங்கறதுதான் வழி. வேற வழி கிடையாது தம்பி, இத கோவமா சொல்லல, பயத்துல சொல்றேன். பாக்கு, ஹான்ஸ், டீ, பாட்டு எதுவும் தூக்கத்த தள்ளிப் போடும், போக்காது. ராத்திரி ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு தானா அடங்கற நேரம், மத்தியானம் சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒரு தடவ அடங்கும். கண்ணு தொறந்திருக்கும், ஆனா மூளை மூணு நாலு செகண்ட் ஆப் ஆயிடும், அந்த நேரத்துல 60 வேகத்துல போற வண்டி அம்பது அறுபது மீட்டர் தானா போயிருக்கும். நீங்க தூங்கினதே உங்களுக்கு தெரியாது. கடைசி ரெண்டு டோல் எப்ப தாண்டினோம்னு ஞாபகம் வரலியா, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்து சட்டுனு திருப்பறீங்களா, அப்ப வண்டிய ஓரம் கட்டற நேரம் வந்தாச்சு. ரோட்டு ஓரத்துல இல்ல, பங்க்லயோ தாபாலயோ உள்ள விட்டு நிறுத்துங்க. இருபது நிமிசம் கண்ண மூடினா கூட அடுத்த ஒரு மணி நேரத்துக்கு தாங்கும், ஆனா ராத்திரி முழு தூக்கத்துக்கு அது ஈடாகாது. ராஜஸ்தான், பஞ்சாப் பக்கம் சில தாபால முழிப்புக்குன்னு கசகசா காயோட தோல் குடுப்பாங்க. அத தொடவே தொடாதீங்க, உடம்பும் போகும், போதைப்பொருள் கேஸும் வரும்.

உங்க ரூட்ட யோசிச்சு பாருங்க. நாசிக் பக்கத்துல இருந்து புனே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர்னு ஓட்டிட்டு, உடம்பு நைஞ்சு போய் கடைசியா ராத்திரியோட ராத்திரியா வந்து எறங்கற எடம் தொப்பூர். தருமபுரில இருந்து சேலம் வர்றப்ப அந்த எறக்கத்துல எத்தன உசுரு போயிருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அங்க ரெண்டு தப்பு திரும்பத் திரும்ப நடக்குது. ஒன்னு தூக்கம், இன்னொன்னு டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடறது.

நியூட்ரல்ல விட்டா என்ன ஆகுதுன்னு சொல்றேன். இஞ்சின் புடிமானம் போயிடுது, மொத்த எடையும் பிரேக் மேல விழுது. 35 டன் இருக்கற 12 சக்கர வண்டிய வெறும் பிரேக்க வச்சு புடிச்சுட்டே வந்தா டிரம் சூடாகி, லைனர் தீஞ்சு நாத்தம் வரும், பெடல மிதிக்க மிதிக்க புடிக்காது. அதுலயும் சில பேர் சாவிய ஆப் பண்ணிடறாங்க, அப்ப கம்ப்ரசர் நின்னுடும், மிதிக்கற ஒவ்வொரு மிதிக்கும் டேங்க்ல ஏர் எறங்கிட்டே போகும், ஸ்டியரிங்கும் கல்லாட்டம் ஆயிடும். இதுக்கு மேல, கீழ இருக்கற வளைவுல முன்னாடி நிக்கற கார் மேல ஏறாம என்ன பண்ணும்? இத்தனைக்கும் இப்ப வர்ற வண்டில நியூட்ரல்ல டீசல் மிச்சமே ஆகாது. கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல கால எடுத்துட்டு எறங்கினா இஞ்சினுக்கு டீசல் போறத தானா நிறுத்திடும், நியூட்ரல்ல விட்டாத்தான் இஞ்சின் ஐடிலிங்ல ஓடி டீசல் குடிக்கும். ஏறினா எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்க, இஞ்சின் புகைய அடைச்சு வேகத்த கொறைக்கற எக்சாஸ்ட் பிரேக் போட்டுக்குங்க, எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர கொறைங்க, பாதி எறக்கத்துல கியர் தேடாதீங்க. புனேல காத்ரஜ் டனல் தாண்டி நவலே பாலத்துக்கு எறங்கற எடத்துலயும் இதே கதைதான்.

பார்ட்டி போன் பத்தி. டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, 5 மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரம் ஓய்வுன்னு 1961ல வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்துலயே எழுதி வச்சாங்க. ரோட்டுல அத யாரு மதிச்சாங்க? லாசல்கான்ல லோடு ஏத்தறதுக்கு ஒரு நாள் பூரா நிக்க வச்சதும் அதே பார்ட்டி ஆளுங்கதானே, அங்க போன நேரத்த உங்க தூக்கத்துல இருந்து எடுக்கறாங்க. லோடு ஏத்தி முடிச்ச நேரத்த போட்டோ எடுத்து பார்ட்டிக்கும் ஓனருக்கும் அனுப்பிட்டு, "இந்த நேரத்துக்கு கிளம்பறேன், இந்த நேரத்துக்குத்தான் வருவேன்"னு கிளம்பறப்பவே சொல்லிடுங்க. ரெண்டு நாள்ல வந்தே ஆகணும்னா டபுள் டிரைவர் போடுங்கன்னு ஓனர்கிட்ட கேளுங்க. அவசரம் பார்ட்டியோடது, அதுக்கு ஆகற செலவும் அவங்களோடதாத்தான் இருக்கணும்.

வண்டில சமைச்சு சாப்பிடறது நல்லதா, தாபாவா?
- வாசகர், சங்ககிரி

சமைக்கறதுதான் நல்லது, காசுக்கும் வயித்துக்கும். வீட்ல இருந்து அரிசி, புளி, மொளகாத்தூள், சாம்பார் பொடி ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு போங்க, தக்காளி வெங்காயம் வழியில வாங்கிக்கலாம், காலைல ஒரு தடவ வடிச்சா ராத்திரி வரைக்கும் ஓடும். பெட்ரோல், டீசல், கேஸ் டேங்கர் ஓட்டறவங்க மட்டும் இத நெனச்சு கூட பாக்காதீங்க. ஒன்னுக்கு போறதுக்கு எடம் இல்லைன்னு தண்ணி குடிக்காம ஓட்டற பழக்கத்த விடுங்க, டிரைவருங்களுக்கு கிட்னில கல்லு வர்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். இப்ப ஹைவே பங்க் சிலதுல டிரைவருங்களுக்குன்னு "அப்னா கர்"னு ரூம் கட்டி விட்டிருக்காங்க, படுக்கை, பாத்ரூம், சில எடத்துல சமைக்கறதுக்கும் எடம் இருக்கு. அந்த மாதிரி பங்க்ல டீசல் போடற மாதிரி ரூட்ட வச்சுக்குங்க.

சேலத்துல இருந்து மகாராஷ்டிராவுக்கு ஜவ்வரிசி ஏத்திட்டு போனேன். மழையில எட்டு மூட்டை நனைஞ்சு போச்சுன்னு பார்ட்டி வாடகையில புடிச்சுட்டாங்க, ஓனர் அத என் சம்பளத்துல புடிக்கறாரு. லைசென்ஸயும் வாங்கி வச்சுகிட்டு "கணக்கு முடிச்சுட்டு வாங்கிக்க"ங்கறாரு. இது நியாயமா?
- ஓட்டுநர், ஓமலூர்

லைசென்ஸ புடிச்சு வைக்கறது அநியாயம், அதுக்கு எந்த ஓனருக்கும் உரிமை கிடையாது. இன்னிக்கே போய் கேளுங்க, குடுக்கலன்னா சங்கத்துல சொல்லுங்க, அதுக்கும் மசியலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. லைசென்ஸ் டிஜிலாக்கர்ல இருந்தா அத காட்டினாலே சட்டப்படி செல்லும், போன்ல ஏத்தி வச்சுக்குங்க.

மூட்டை விஷயத்துல, தார்ப்பாய் யாரோடது, எப்படி இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. ஓனர் குடுத்த தார்ப்பாய் ஓட்டையா இருந்தா அந்த நஷ்டம் அவரோடது. கட்டினதுல தப்புன்னா டிரைவர் பேர்லயும் கொஞ்சம் இருக்குன்னு ஒத்துக்கணும். ரெண்டு தார்ப்பாய் போடறப்ப முன்பக்கத்துது பின்பக்கத்துது மேல ஏறி இருக்கணும், மாத்தி போட்டா ஓடற வேகத்துல காத்து உள்ள பூந்து தண்ணிய அப்படியே மூட்டை மேல கொண்டு போய் விட்டுடும். இனிமே லோடு ஏத்தறதுக்கு முன்னாடி தார்ப்பாய விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, ஓட்டை இருந்தா போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டு ஏறுங்க. எறக்கற எடத்துலயும் எத்தன மூட்டை, எந்த நிலைமைன்னு லோடு ரசீதான எல்.ஆர்.ல எழுதி கையெழுத்து வாங்காம வண்டிய எடுக்காதீங்க. வண்டி உள்ள போன நேரம், வெளிய வந்த நேரத்தையும் அதுலயே எழுத சொல்லுங்க. வண்டி காத்து நின்ன நாளுக்கான ஹால்டிங் காசு கேக்கறதுக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. ஓனர் பார்ட்டிகிட்ட ஹால்டிங் வாங்கிட்டு டிரைவருக்கு குடுக்காம விடறது நிறைய நடக்குது. நின்னது டிரைவரு, அதுல பங்கு கேக்கறது உங்க உரிமை.

ஆக்சிடென்ட் ஆயிட்டா ஓடறதா, நிக்கறதா? நின்னா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்க. ஓடினா 10 வருஷம்ங்கறாங்க.
- ஓட்டுநர், கிருஷ்ணகிரி

இந்த பயத்துலதான் 2024 ஜனவரி ஆரம்பத்துல நாடு பூரா டிரைவருங்க வண்டிய நிறுத்தினாங்க. ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாங்கற புது சட்டத்துல 106(2)ன்னு ஒரு பிரிவு, ஆள் இறந்து போற மாதிரி ஆக்சிடென்ட் பண்ணிட்டு போலீஸுக்கும் சொல்லாம தப்பிச்சு போனா 10 வருஷம் வரைக்கும்னு சொல்லுது. 2024 ஜூலை 1ல புது சட்டம் நடைமுறைக்கு வந்தப்ப அந்த ஒரு பிரிவ மட்டும் நிறுத்தி வச்சாங்க. அதுக்காக ஓடிடலாம்னு அர்த்தம் இல்ல. அஜாக்கிரதையா ஓட்டி உசுரு போச்சுன்னா 5 வருஷம் வரைக்கும்ங்கற 106(1) அமல்ல இருக்கு.

மோட்டார் வாகன சட்டம் 134ஆவது பிரிவு டிரைவருக்கு என்ன சொல்லுதுன்னா, அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு பண்ணணும், ஜனங்க கோவத்தால அங்க நிக்க முடியாத நிலைமைன்னா அது வேற, ஆனா எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள, பக்கத்து ஸ்டேஷன்ல போய் சொல்லணும். அதாவது உசுர காப்பாத்திக்க அந்த எடத்த விட்டு நகரலாம், ஆனா ஸ்டேஷனுக்குத்தான் நகரணும். 108க்கும் 112க்கும் போன் அடிங்க, நேஷனல் ஹைவேன்னா 1033. அந்த போன் கால்தான் நீங்க ஓடிப் போகலைங்கறதுக்கு சாட்சி. அடிபட்டு கெடக்கறவரு வீட்லயும் ஒரு குடும்பம் காத்திருக்கு, ஆம்புலன்ஸ் கால் மணி நேரம் முன்னாடி வந்தா அவரு பொழைச்சுக்கலாம்.

லாரில ஏ.சி. கட்டாயம்னாங்களே, வந்துச்சா?
- வாசகர், கரூர்

2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற லாரிங்களுக்கு கேபின்ல ஏ.சி. இருக்கணும்னு 2023லயே ஆர்டர் போட்டாங்க. பழைய வண்டிக்கு கிடையாது, அதனால ரோட்டுல இருக்கற முக்காவாசி டிரைவருங்களுக்கு இன்னும் வேர்வைதான். மே மாசம் நாக்பூர்ல மத்தியானம் இஞ்சின் சூட்டோட ஒக்காந்து பாத்தவனுக்குத்தான் இது ஆடம்பரம் இல்லைன்னு தெரியும். டீசல் அதிகமாகும்னு ஏ.சி.ய ஆப் பண்ணி வைக்க சொல்ற ஓனருங்ககிட்ட என் வேண்டுகோள், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க.

பொண்ணுங்க ஹெவி ஓட்ட முடியுமாங்க? எனக்கு ஆசை, வீட்ல சிரிக்கறாங்க.
- வாசகி, பெருந்துறை

முடியும் கண்ணு. போபால்ல யோகிதா ரகுவன்ஷின்னு ஒரு அம்மா, வக்கீலுக்கு படிச்சவங்க, வீட்டுக்காரர் இறந்ததுக்கு அப்புறம் ரெண்டு குழந்தைங்கள வளக்கறதுக்கு லாரி ஓட்ட ஆரம்பிச்சு, மாநிலம் மாநிலமா லோடு அடிச்சவங்க. இப்ப பவர் ஸ்டியரிங் வந்தாச்சு, தோள் பலம் வேண்டியதில்ல. ராத்திரி நிறுத்தற எடமும் பாத்ரூமும்தான் உண்மையான பிரச்சனை, அதனால பகல்ல ஓடி சாயங்காலம் திரும்பற கம்பெனி வண்டில ஆரம்பிங்க. கும்மிடிப்பூண்டில இருக்கற ஐ.ஆர்.டி. டிரைவர் பயிற்சி பள்ளிலயும் விசாரிச்சு பாருங்க.

டிரைவராவே எத்தன நாள் இருக்கறது? லோன் போட்டு சொந்த வண்டி வாங்கலாமா?
- ஓட்டுநர், பரமத்தி வேலூர்

கணக்கு போட்டு பாத்துட்டு வாங்குங்க. லோடோட லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வைங்க, டெல்லிக்கு ஒரு தடவ போக மட்டும் 600 லிட்டர், லிட்டர் 92 ரூபாய்ன்னா 55,200 ரூபாய். அது மேல டோல், டிரைவர் சம்பளம், ஏத்துக்கூலி எறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன், புகைய சுத்தம் பண்ண ஊத்தற ஆட்ப்ளூ, டயர் தேய்மானம், இன்சூரன்ஸ், வண்டி தகுதி சான்றான எப்.சி., பர்மிட். வாடகையில அட்வான்ஸ் கைல வந்துடும், பேலன்ஸுக்கு மாசக்கணக்கா அலைய விடுவாங்க, ஆனா லோன் டியூ கட்டற தேதி ஒரு நாள் கூட நகராது. ஓனரானதும் காத்துக் கிடக்கறது போயிடாது, இன்னும் பெருசாகும். டிரைவரா இருந்தப்ப உங்க கூலி மட்டும் நின்னுச்சு, ஓனரானா டியூவும் சேந்து ஓடும். ஆறு மாச டியூவ தனியா எடுத்து வச்சு, நிரந்தரமா லோடு குடுக்கற ரெண்டு பார்ட்டி கையில இருந்தா பழைய வண்டியா ஒன்னு வாங்கி நீங்களே ஓட்டுங்க. அது ரெண்டும் இல்லன்னா இப்ப வேண்டாம்.

எனக்கு 52 வயசாச்சு. சின்ன வயசுல கிளீனரா ஏறினவன். முதுகு போச்சு, ராத்திரி எதுர் வண்டி லைட்டு அடிச்சா ஒன்னும் தெரியல. பி.எப். இல்ல, பென்ஷன் இல்ல. எங்களுக்கு யாருங்க இருக்கா?
- ஓட்டுநர், சேலம் மாவட்டம்

அண்ணா, உங்க கடிதத்த படிச்சுட்டு ரொம்ப நேரம் பேனாவ எடுக்க முடியல. நீங்க கொண்டு போய் எறக்கின அரிசிலயும் வெங்காயத்துலயும் எத்தனையோ ஊரு சாப்பிட்டிருக்கு, உங்களுக்கு ஒரு பேப்பர் கூட யாரும் போட்டுக் குடுக்கல.

முதல்ல கண்ணு. லைட்டு அடிச்சா தெரியலன்னா அது புரை விழற அறிகுறியா இருக்கலாம், சுகரும் காரணமா இருக்கலாம். கண் ஆஸ்பத்திரில காட்டற வரைக்கும் ராத்திரி வண்டி எடுக்காதீங்க, கெஞ்சி கேக்கறேன். புரையா இருந்தா ஜி.ஹெச்.லயே இலவசமா ஆபரேஷன் பண்றாங்க, சரியாயிடும். அங்கேயே சுகர், பி.பி. பாத்துடுங்க, முதுக எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. நம்பிக்கை மையத்துல ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டும் இலவசம், ரகசியமாத்தான் வச்சுக்குவாங்க, லைன்ல ஓடின எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கறது நல்லது, வெக்கப்பட எதுவும் இல்ல.

அடுத்தது பதிவு. தமிழ்நாட்டுல அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குன்னு நல வாரியம் இருக்கு. 60 வயசுக்குள்ள இருக்கறவங்க பதியலாம், குழந்தைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துல இறந்தா குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு, 60க்கு மேல ஓய்வூதியம் உண்டு. சேலத்துல தொழிலாளர் உதவி ஆணையர், சமூக பாதுகாப்புத் திட்ட ஆபீஸ்னு கேளுங்க. ஆதார், ரேஷன் கார்டு, லைசென்ஸ், பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துட்டு போங்க. அமைப்புசாரா தொழிலாளருக்கு மத்திய அரசு குடுக்கற இ-ஷ்ரம் கார்டும் போட்டுடுங்க, அதுக்கு 59 வயசு வரைக்கும்தான். பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபாய் புடிக்கற பிரதம மந்திரி விபத்து காப்பீடு இருக்கு, விபத்துல இறந்தா 2 லட்சம். நீங்க ஓட்டற வண்டியோட இன்சூரன்ஸ்ல சம்பள டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கான்னு பாலிசிய வாங்கி பாருங்க, ரொம்ப சின்ன தொகைதான், அத கூட கட்டாம விட்ட வண்டிங்கள நான் பாத்திருக்கேன்.

அடுத்த லோடுக்கு ஓனர் கூப்பிட்டா நாலு நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு, ஒரு நாள் ஆணையர் ஆபீஸுக்கு, ஒரு நாள் பேங்க்குக்கும் இ-சேவைக்கும்.